சூலகத்தின் நரம்புகள் செய்யும் வேலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல்வெளிகளையும் மேய்ச்சல் தரைகளையும் நம்பி எருமை வளர்க்கும் எவரும் கறவைக்கு உட்காருமுன் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். கன்று மடியை முட்டி, காம்பைச் சப்பத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மடி இறுகித் திரள்கிறது. அதன் பிறகே கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்கிறார்கள். அந்தச் சிறிது நேரத்தில் உடலுக்குள் நடப்பது ஒரு நரம்புச் செயல். காம்பின் தோலில் எழுந்த உணர்வு முண்ணாண் வழியாக மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியை அடைகிறது, கபச்சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஒட்சிற்றோசின் என்ற ஓமோன் இரத்தத்தில் இறங்குகிறது, அது மடியை அடைந்ததும் பாற்குழிகளைச் சூழ்ந்த தசைக்கலங்கள் சுருங்குகின்றன. போகும் பாதை நரம்பு, திரும்பும் பாதை இரத்தம். பிறர் வந்து நின்றாலோ நாய் குரைத்தாலோ மிரண்ட எருமை பாலை அடக்கிக்கொள்வதும் இதே கணக்கில் சேரும். அச்சத்தில் கிளம்பும் அதிரீனலின் மடியின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, ஒட்சிற்றோசின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது.

நரம்பும் ஓமோனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பதில், ஆகவே, கால்நடை வளர்ப்போருக்குப் புதுமை எதுவும் இல்லை. ஆனால் இதே உறவு சூலகத்திலும் இருக்கிறது என்பதையும், மூளையிலிருந்து புறப்படும் கட்டளை இரத்தத்தின் வழியே மட்டுமன்றி நரம்பின் வழியே நேராகவும் சூலகத்தைச் சென்றடைகிறது என்பதையும் நம் உயர்தர உயிரியல் வகுப்புகளில் கேட்பது அரிது. அங்கே மாணவர் மனப்பாடம் செய்யும் படத்தில் பரிவகக்கீழ், கபச்சுரப்பி, சூலகம் என மூன்று கட்டங்களும் அவற்றுக்கிடையே சில அம்புக்குறிகளும் இருக்கும். படம் தவறானதன்று. ஆனால் கபச்சுரப்பி அனுப்பும் ஓமோனுக்குச் சூலகம் எவ்வளவு செவிசாய்க்கிறது என்ற கேள்வி அந்தப் படத்தில் எழுவதே இல்லை. சூலகத்தின் நரம்புகள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குத்தான் விடையளிக்கின்றன.

முதலில் நன்கு தெரிந்த பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பரிவகக்கீழின் சில நரம்புக்கலங்கள் கொனடோதிரோப்பினை விடுவிக்கும் ஓமோனைத் துடிப்புத் துடிப்பாகச் சுரக்கின்றன. ஆடு, பன்றி ஆகியவற்றின் மூளைகளிலிருந்து இத்தகைய விடுவிக்கும் ஓமோன்களைப் பிரித்தெடுத்ததற்காக அன்ட்ரூ ஷாலிக்கும் ரொஜர் கியெமினுக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துடிப்புகளுக்கு ஏற்பக் கபச்சுரப்பி புடைப்பைத் (சூலைத் தன்னுள் வைத்து வளரும் சிறு பையை) தூண்டும் ஓமோனையும் லூட்டினாக்கும் ஓமோனையும் இரத்தத்தில் விடுகிறது. சூலகம் அவற்றை ஏற்றுப் புடைப்புகளை வளர்க்கிறது, ஈஸ்திரோஜனையும் புரோஜெஸ்தரோனையும் சுரக்கிறது, அவை மூளைக்குத் திரும்பிச் சென்று அடுத்த கட்டளையை மாற்றுகின்றன.

இந்தப் பாதையிலேயே நரம்பின் கை எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்குக் கன்று ஊட்டுதல் நல்ல சான்று. கன்று ஊட்டும் காலத்தில் தாய் மறுபடி பருவத்துக்கு வருவது தாமதமாகும். இலங்கை எருமைகளிலும் இது ஆய்ந்து காட்டப்பட்டிருக்கிறது. காம்பைச் சப்புவதால் எழும் உணர்வே லூட்டினாக்கும் ஓமோனின் துடிப்புகளை அடக்குகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. டெக்சாசில் பசுக்களில் நடந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் திருத்தின. மடியின் நரம்புகளை வெட்டிய பின்னரும் கன்று அருகிலிருந்த பசுக்களில் தாமதம் நீடித்தது. மாற்றுக் கன்றை ஊட்டவிட்டால் அந்த அடக்கம் தோன்றவில்லை. பார்வை, மோப்பம் இரண்டையும் இழந்த பசுக்களில் சொந்தக் கன்று ஊட்டியபோதும் அடக்கம் ஏற்படவில்லை. தன் கன்று இதுதான் என்று தாய் கண்ணாலும் மூக்காலும் அறிந்துகொள்வதே மூளைக்குப் போகும் செய்தி என்பதை இதிலிருந்து அறிகிறோம். கன்று இறந்த பசுவுக்கு முன்னால் வைக்கோல் திணித்த தோற்கன்றை நிறுத்திக் கறந்த நம் முன்னோருக்கு, பசு எதைக் கண்டு இணங்குகிறது என்பது அனுபவத்தால் தெரிந்திருந்தது.

முயல், பூனை, ஒட்டகம் போன்றவற்றில் இந்த நரம்பின் ஆட்சி இன்னும் வெளிப்படையானது. அவற்றில் சூல் பொதுவாகத் தானாக வெளியேறுவதில்லை, இணைசேர்ந்த பின்னரே வெளியேறும். முயலில் இணைசேர்ந்து ஏறத்தாழ 10 மணித்தியாலங்களுக்குப் பின் சூல் வெளியேற்றம் நிகழ்கிறது. ஒட்டகக் குடும்பத்தில் வேறொரு வியப்பு இருக்கிறது. ஆண் லாமாவின் விந்துப் பாய்மத்தில் இருக்கும் ஒரு புரதமே பெண்ணில் சூல் வெளியேற்றத்தைத் தூண்டுகிறது என்று ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. 2012இல் அந்தப் புரதம் எதுவெனப் பார்த்தபோது, அது நரம்புகளை வளரச்செய்வதற்குப் பெயர்பெற்ற நரம்பு வளர்ச்சிக் காரணியாகவே இருந்தது. ரீற்றா லெவி-மொன்ரால்சினியும் ஸ்டான்லி கோகனும் 1986இல் நோபல் பரிசு பெற்றதற்கு ஒரு காரணம் இந்த மூலக்கூறுதான். சூலகக் கதையில் இதே மூலக்கூறு மறுபடி வரும்.

இனிச் சூலகத்துக்கே செல்லும் நரம்புகளைப் பார்ப்போம். பசுவொன்று நாட்கள் கடந்தும் பருவத்துக்கு வராவிட்டால் மிருக வைத்தியர் தோள்வரை நீளும் கையுறையை அணிந்து, குதத்தினூடாகக் கையைச் செலுத்தி, குடற்சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையின் கொம்பைப் பின்தொடர்ந்து போய் அதன் நுனிக்கருகில் சூலகத்தைத் தேடுவார். விரல்களுக்கிடையில் அகப்படும் அந்தச் சிறு உறுப்பில் மெத்தென்று நீர்கட்டிய மேடு இருந்தால் அது வளரும் புடைப்பு, சற்றுக் கெட்டியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அது மஞ்சட் சடலம், அதாவது சூலை வெளியேற்றிய புடைப்பு மாறி உருவான திரள். எருமையில் இது இன்னும் கடினம், ஏனெனில் எருமையின் சூலகம் பசுவினுடையதைவிடச் சிறியது. விரல் உணரும் இந்த மேடுகளுக்குப் பின்னால், சூலகத்தைத் தாங்கி நிற்கும் மென்சவ்வு மடிப்பில், விரலால் உணரமுடியாத நூலிழைகளாக நரம்புகள் ஓடுகின்றன.

எலியில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட அமைப்பின்படி சூலகத்துக்குப் பரிவு நரம்புகள், அதாவது அச்சத்திலும் வலியிலும் உடலைத் தானாக முடுக்கும் நரம்புகள், இரண்டு வழியில் வருகின்றன. ஒன்று சூலக நாடியைச் சுற்றிப் படர்ந்து வரும் பின்னல். அது பெரும்பாலும் இரத்தக்குழாய்களைக் கவனித்துக்கொள்கிறது. மற்றொன்று சூலகத்தைத் தொங்கவிடும் இணைப்பு நாரின் வழியே வரும் மேல் சூலக நரம்பு. இதன் இழைகள் ஓமோன் சுரக்கும் கலங்களுக்கிடையே சென்று முடிகின்றன. வயிற்றறையின் நரம்புத் திரட்டுகள் இந்த இழைகளின் பிறப்பிடம். அவற்றுக்குக் கட்டளை தரும் கலங்கள் முண்ணாணின் நெஞ்சுப் பகுதியில் இருக்கின்றன. மனிதரில் சூலகத்தின் வலியைச் சுமக்கும் இழைகள் பத்தாவது நெஞ்சுத் துண்டத்தை ஒட்டி முண்ணாணில் நுழைவதால்தான், சூலக முறுக்கில் எழும் வலி சில வேளைகளில் தொப்புளைச் சுற்றி உணரப்படுகிறது. இவற்றோடு, மூளைத்தண்டிலிருந்து வயிற்றறைவரை இறங்கும் வேகசு நரம்பின் இழைகளும் சூலகத்தை அடைகின்றன.

நரம்பு சூலகத்துக்குள் எதுவரை செல்கிறது என்பது முக்கியமானது. ஒவ்வொரு புடைப்பையும் இரண்டு வகைக் கலங்கள் சூழ்ந்திருக்கின்றன. வெளியே உறைக்கலங்கள், உள்ளே சூலை அணைத்தபடி சிறுமணிக் கலங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மென்சவ்வு. நரம்பும் இரத்தக்குழாயும் அந்தச் சவ்வோடு நின்றுவிடுகின்றன. ஈஸ்திரோஜன் உருவாகும் முறையோ இரண்டு கலங்களுக்கும் பொதுவானது: உறைக்கலங்கள் லூட்டினாக்கும் ஓமோனின் தூண்டலால் அந்திரஜனை (தெஸ்தஸ்தரோன் போன்ற ஆண் ஓமோன் வகையை) ஆக்கிக் கொடுக்க, சிறுமணிக் கலங்கள் புடைப்பைத் தூண்டும் ஓமோனின் தூண்டலால் அதை ஈஸ்திரோஜனாக மாற்றுகின்றன. ஆக, நரம்பின் நேரடித் தொடுகை மூலப்பொருளை ஆக்கும் கலத்தோடுதான்.

பரிவு நரம்பின் முனையில் வெளியாவது நோரதிரீனலின். உறைக்கலங்களைப் பிரித்து வளர்த்து அவற்றின்மேல் நோரதிரீனலினை மட்டும் இட்டால் அந்திரஜன் சுரப்பில் பெரிய மாற்றம் தோன்றுவதில்லை. லூட்டினாக்கும் ஓமோனின் தொழிலைச் செய்யும் ஓமோனோடு சேர்த்து இட்டாலோ, அந்த ஓமோன் தனியே ஈட்டுவதைவிட அதிகமான அந்திரஜன் சுரக்கிறது. எலிக் கலங்களில் 1985இல் காட்டப்பட்ட இந்த முடிவே முழுக் கதைக்கும் திறவுகோல் என்று கருதுகிறேன். நரம்பு தானாக எதையும் தொடங்குவதில்லை, வந்துசேர்ந்த கட்டளையின் வலுவை மாற்றுகிறது. வானொலியின் ஒலியளவுத் திருகியைப் போல என்று சொன்னால் பொருந்தும். நிலையம் ஒலிபரப்பாவிட்டால் திருகியால் பயனில்லை, ஒலிபரப்பு நடக்கும்போது அதைக் காதுக்கு எட்டாமல் செய்யவும் காதைப் பிளக்கச் செய்யவும் திருகியால் முடியும். இரத்தப் பரிசோதனையில் இரண்டு உயிர்களுக்கு ஒரே ஓமோன் அளவு இருக்க, அவற்றின் சூலகங்கள் வேறுவேறாக நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணமாகலாம்.

நோரதிரீனலினின் விளைவு எப்போதும் கூட்டலாக இருப்பதுமில்லை. அது கலத்தின்மேல் உள்ள எந்த வகை வாங்கியோடு (வரும் செய்தியைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறோடு) சேர்கிறது என்பதைப் பொறுத்தது. உறைக்கலங்களின் பீற்றா வகை வாங்கிகளோடு சேரும்போது சுரப்பை ஊக்குகிறது. அல்பா வகை வாங்கிகளோடு சேரும்போது இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, சுரப்பையும் அடக்குகிறது. டோக்கியோவில் மயக்கமருந்து கொடுக்கப்பட்ட எலிகளில் மேல் சூலக நரம்பை மின்னால் தூண்டியபோது சூலகத்திலிருந்து வெளிவரும் எசுத்திரடயோல் என்ற ஈஸ்திரோஜன் குறைந்தது. எலியின் பின்பாதத்தை நசுக்கி வலியூட்டியபோதும் அவ்வாறே நடந்தது. பாதத்தில் எழுந்த வலி சில நிமிடங்களில் சூலகத்தின் சுரப்பை மாற்றுகிறது. இரத்தத்தின் வழியே கபச்சுரப்பியைச் சுற்றிப்போகும் பாதைக்கு இந்த வேகம் கைவராது. மிரண்ட எருமை பாலை அடக்கிக்கொள்வதற்கு நெருங்கிய உறவுள்ள நிகழ்ச்சி இது.

மூளை உண்மையிலேயே சூலகத்தோடு நரம்பால் இணைந்திருக்கிறதா என்ற ஐயத்துக்கு இரண்டு ஆய்வுகள் தெளிவான விடை தந்தன. ஜப்பானில் கவாகாமியின் குழு, கபச்சுரப்பியையும் அதிரீனல் சுரப்பிகளையும் அகற்றிய எலிகளின் பரிவகக்கீழை மின்னால் தூண்டியது. கட்டளை செல்ல ஓமோன் பாதையே இல்லாத அந்த எலிகளிலும் சூலகத்தின் ஸ்டெரொயிட் சுரப்பு மாறியது. 1981இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின் நேரடி இணைப்பை மறுப்பது எளிதாக இருக்கவில்லை. புடாபெஸ்ற்றில் ஈடா கெரெண்டாயியும் அவருடைய கூட்டாளிகளும் 1998இல் வேறொரு வழியைக் கையாண்டனர். ஒரு நரம்புக்கலத்திலிருந்து அதனோடு இணைந்த அடுத்த கலத்துக்குப் பின்னோக்கித் தாவிச் செல்லும் வைரசை எலியின் சூலகத்தில் ஊசியால் ஏற்றி, அது மூளையில் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தனர். மூளைத்தண்டின் பல நரம்புக்கலத் திரள்களிலும் பரிவகக்கீழிலும் அது தென்பட்டது. சூலகம் தொடங்கி பரிவகக்கீழ் வரை அறுபடாத நரம்புத் தொடர் இருக்கிறது.

ஒரு சூலகத்தை அகற்றினால் எஞ்சியது பெருத்து இரண்டின் வேலையையும் செய்ய முயலும் என்பது பழைய செய்தி. லண்டனின் அறுவை வைத்தியர் ஜோன் ஹண்டர் இரண்டு பன்றிகளை எடுத்து, ஒன்றின் சூலகங்களில் ஒன்றை அகற்றி வளர்த்து, அது 8 ஈற்றில் 76 குட்டிகளும் மற்றது 13 ஈற்றில் 162 குட்டிகளும் ஈன்றதை 1787இல் பதிவுசெய்தார். ஒற்றைச் சூலகப் பன்றி முன்னதாகவே ஈனுவதை நிறுத்தியது, ஆனால் ஈற்றுக்கான குட்டிகள் பாதியாகிவிடவில்லை. இந்த ஈடுசெய்தலுக்குக் கபச்சுரப்பி கூடுதலாகச் சுரப்பதே முதன்மைக் காரணம். ஆயினும் வேகசு நரம்பு வெட்டப்பட்ட எலிகளில் ஈடுசெய் வளர்ச்சி குன்றியது. நரம்பின் பங்கு இங்கும் இருக்கிறது.

பிறந்த புதிதில் நரம்பின் பங்கு இன்னும் ஆழமானது. எலியின் சூலகத்தில் புடைப்புகள் உருவாகும் முன்பே நரம்புகள் வந்துவிடுகின்றன. அப்போது புடைப்பைத் தூண்டும் ஓமோனை ஏற்கும் வாங்கிகள் அங்கே இல்லை. அமெரிக்காவின் ஒரேகனில் செர்ஜியோ ஒஜேடாவின் ஆய்வுகூடம் 1997இல் காட்டியபடி, நரம்பு முனைகளில் வெளியாகும் நோரதிரீனலினும், குடலில் முதலில் கண்டறியப்பட்ட வீஐபீ என்ற பெப்ரைட்டும் அந்த வாங்கிகளை உருவாக்கத் தூண்டுகின்றன. அதாவது, கபச்சுரப்பியின் மொழியைச் சூலகம் கேட்கப் பழகுவதில் நரம்புக்கு ஒரு கை இருக்கிறது. அதற்கு முன், 1990இல், ஹெர்னான் லாராவும் ஒஜேடாவும் பிறந்த எலிகளில் நரம்பு வளர்ச்சிக் காரணியை எதிருடலால் முடக்கினர். சூலகத்தின் பரிவு நரம்புகள் அழிந்துபோன அந்த எலிகள் தாமதமாகப் பூப்படைந்தன, அவற்றின் சுழற்சியும் ஒழுங்கு குலைந்தது.

இவ்வளவையும் படித்த பின் நரம்பின்றிச் சூலகம் இயங்காது என்று எவரும் எண்ணினால் அது பிழை. செம்மறியாட்டின் சூலகத்தை அதன் கழுத்துக்கு மாற்றிப் பதித்த ஆய்வுகளில் சூலகம் அங்கேயும் சுரந்தது. ஆனால் சுழற்சி நின்றுபோனது. அதற்குக் காரணம் நரம்பு அறுந்தது அன்று, மஞ்சட் சடலத்தைக் கரைக்கும் புரஸ்டகிளாண்டின் கருப்பையிலிருந்து அருகிலுள்ள குழாய்கள் வழியே வந்துசேராதது. கருப்பையையும் சேர்த்துக் கழுத்துக்கு மாற்றியபோது சுழற்சி சீராக நடந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் எடுத்து உறையவைத்த சூலக இழையத்தைத் திரும்பப் பதித்து 2004இல் பெல்ஜியத்தில் ஒரு பெண் குழந்தை பெற்றார். முண்ணாண் முற்றாக அறுந்த பெண்களில் மாதவிடாய் சில மாதங்கள் நின்று, பெரும்பாலோரில் மீண்டும் வருகிறது; அவர்கள் கருத்தரிக்கவும் செய்கிறார்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த ஒரு பெண்ணிடம் இனித் தாயாக முடியாது என்று உறவினர் முடிவு சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதால், இந்த உண்மையை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

நரம்பு அவசியமானதா என்பதைவிட, அது அளவு மீறி இயங்கினால் என்னவாகும் என்ற கேள்வியே இன்று மருத்துவத்துக்கு நெருக்கமானது. நம் ஊர்களில் நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லப்படும் பல்புடைப்புச் சூலக நோய்த்தொகுதி, உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி மகப்பேற்று வயதுப் பெண்களில் 6 முதல் 13 சதவீதத்தினரைப் பாதிக்கிறது. 1935இல் சிக்காகோவில் ஸ்டைனும் லெவெந்தாலும் இதை 7 பெண்களில் விவரித்தபோது, சூலகத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்ததும் மாதவிடாய் திரும்பியதைக் கண்டார்கள். அது ஏன் பலித்தது என்பதற்குக் கூறப்படும் விளக்கங்களுள், வெட்டோடு நரம்பிழைகளும் அறுந்தன என்பதும் ஒன்று. எலிக்கு எசுத்திரடயோல் வலரேற் ஒருமுறை ஏற்றினால் இதையொத்த நிலை உண்டாகிறது, சூலகத்தில் நோரதிரீனலின் பெருகுகிறது. சிலியில் லாராவின் குழு 1993இல் அத்தகைய எலிகளின் மேல் சூலக நரம்பை வெட்டியபோது சூல் வெளியேற்றம் மீண்டது. நாள்தோறும் 3 மணித்தியாலம் 4 பாகை செல்சியசுக் குளிரில் வாரக்கணக்கில் வைக்கப்பட்ட எலிகளிலும் சூலக நரம்புகள் கிளர்ந்தெழுந்தன, புடைப்பு வளர்ச்சி திரிந்தது.

பெண்களில் சான்று மறைமுகமானது. இந்நோயுள்ள பெண்களின் காலில் மெல்லிய ஊசி மின்வாயைச் செலுத்தித் தசைக்குப் போகும் பரிவு நரம்பின் துடிப்புகளை அளந்தபோது அவை மிகுந்திருந்தன. அந்த மிகுதி அவர்களின் தெஸ்தஸ்தரோன் அளவோடு தொடர்புபட்டது. அதனடிப்படையில் மின் அக்குபங்சரால் நரம்பை அடக்கலாம் என்ற நம்பிக்கை சுவீடனின் எலி ஆய்வுகளிலும் சிறு குழுக்களிலும் வளர்ந்தது. சீனாவில் 1000 பெண்களைச் சேர்த்து நடத்தி 2017இல் வெளியான பெரும் பரிசோதனையில் அக்குபங்சர் உயிர்ப்பிறப்பைக் கூட்டவில்லை. சூல் வெளியேற்றத்தைத் தூண்டும் குளோமிபீன் மாத்திரை கூட்டியது. ஊசி குத்தி நீர்க்கட்டியைக் கரைக்கிறோம் என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எவராவது விளம்பரம் செய்தால், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் பணத்தைக் கொடுக்குமுன் இந்த முடிவை அறிந்திருக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போரும் 2004இன் ஆழிப்பேரலையும் கடந்துவந்த இந்த மாவட்டங்களில், மாதவிடாய் குழம்பிய பெண்ணிடம் “எல்லாம் மன உளைச்சல்தான், யோசிக்காதே” என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிதாகிவிட்டது. குளிரில் வைக்கப்பட்ட எலியின் சூலகத்தை அதற்குச் சான்றாக எவரும் காட்டக்கூடாது. மாதவிடாய் மாதக்கணக்கில் தவறினால் தைரொயிட் நோய், புரோலற்றின் மிகுதி, இன்சுலின் எதிர்ப்பு எனப் பார்க்கவேண்டியவை பல. அவற்றுக்கு மருந்து உண்டு. வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் உரிய பரிசோதனைக்கு வழி பிறக்கும். நரம்பின் பங்கை அறிவது பெண்ணின் மனத்தின்மேல் பழிபோடுவதற்கு உதவக்கூடாது.

முதுமையிலும் நரம்பு தன் அடையாளத்தை விடுகிறது. வயதான எலிகளின் சூலகத்தில் நோரதிரீனலின் கூடுவதும், பீற்றா வாங்கிகளை அடைக்கும் புரொப்ரனலோல் கொடுத்தால் நீர்க்கட்டிகள் குறைவதும் சிலியின் ஆய்வுகளில் தெரிந்தன. சான் பிரான்சிஸ்கோவில் மனிதச் சூலகங்களைச் சுண்டெலியினுடையவற்றோடு ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வு, வயது ஏறும்போது மனிதச் சூலகத்தில் பரிவு நரம்பிழைகள் அடர்த்தியாவதைக் காட்டியது. சுண்டெலிகளில் அந்த நரம்புகளை அகற்றியபோது உறங்கும் புடைப்புகள் கூடுதலாக எஞ்சின, வளரத் தொடங்கியவை குறைந்தன. பிறக்கும்போதே எண்ணிவைத்த சேமிப்பிலிருந்து எத்தனை புடைப்புகள் எப்போது விழித்தெழவேண்டும் என்பதிலும் நரம்புக்குச் சொல் இருக்கிறது என்று அந்த முடிவு சுட்டுகிறது. சுண்டெலியில் கண்டது பெண்ணுக்கும் பொருந்துமானால், இரத்த அழுத்தத்துக்காக நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் பீற்றா அடைப்பு மருந்துகளைச் சூலகத்தின் ஆயுளோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய தேவை எழும்.